கேட்டடியில் ஒரு சத்தம்

மாரீஸ்வரனுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்ததும் டாக்டர் சொன்ன முதல் வைத்தியம் நடப்பது. அவருக்கு அதுதான் நடக்காத காரியமாக இருந்தது. போடிநாயக்கனூரில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர், அதுவும் கடை வைத்திருப்பவர், கையில் ஒரு பைகூட இல்லாமல் ஒரு ரோட்டில் போய் அதே ரோட்டில் திரும்பி வந்தால் பார்க்கிறவர்களுக்குப் பொறுக்காது. "என்னண்ணே, வண்டி ரிப்பேரா?" என்று பைக்கை நிறுத்துவார்கள். ஏறச் சொல்வார்கள். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிப்போவார்கள். ஒரு வாரம் முழுக்க நடக்கப் போன மாரீஸ்வரன், ஒவ்வொரு நாளும் யாருடைய பைக்கிலாவது வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

அந்தச் சமயத்தில்தான் போனில் அந்த வீடியோ வந்தது. மழையில் நனைந்த ஒரு வெள்ளைக்காரர், நீளக் கம்பியின் முனையில் தட்டு மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு, அறுத்துப்போட்ட வயலில் இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நடந்தார். தட்டு கத்தியது. தோண்டினார். ஒரு பித்தானை எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை பிறந்த மாதிரிச் சிரித்தார். மாரீஸ்வரனுக்குப் பித்தானில் அக்கறை ஒன்றும் இல்லை. அந்த ஆள் மணிக்கணக்காக நடந்தும் யாரும் அவரை வண்டியில் ஏறச் சொல்லவில்லை என்பதைத்தான் கவனித்தார்.

மெட்டல் டிடெக்டர் பார்சலில் வந்தது. ஏலக்காய் வியாபாரிகளுக்குச் சாக்கும் சணலும் தராசும் விற்கிற அவருடைய கடையில், தராசுகளுக்கு நடுவே வைத்துத்தான் பிரித்தார். அவருடைய மனைவி அருணா பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தாள்.

"புதையல் எடுக்குற மெஷினா?"

"இல்ல. இது பொழுதுபோக்கு."

"அத ஊருக்கு யாரு சொல்றது?"

கேள்வி நியாயமானது. இந்தப் பக்கத்தில் ஒருவன் மண்ணைத் தோண்டினால் ஒன்று குழாய் பதிக்க வேண்டும், இல்லை செடி வைக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் புதையல்தான். புதையல் என்றால் பூசை, பூசை என்றால் பலி, பலி என்றால் யாருடைய பிள்ளையைக் காணோம் என்று பேச்சு எங்கேயோ போய்விடும். அதனால் மாரீஸ்வரன் வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் கிளம்புவது என்று வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை, தலையில் துண்டு, கழுத்தில் ஹெட்போன். மறைந்து செய்கிற காரியத்துக்கு எவனும் இப்படிப் போகமாட்டான் என்பது அவர் கணக்கு.

ராசிங்காபுரத்தில் அவர் பங்குக்கு வந்த கரட்டு நிலத்தில் முதல் நாள் இறங்கினார். வரப்பில் நின்றவர்கள் பார்த்தார்கள். புல் வெட்டுகிற மெஷின் என்று ஒருவர் சொன்னார். யாரோ மந்திரி வருகிறார், குண்டு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். மந்திரி எதற்கு இந்தக் கரட்டுக்கு வருகிறார் என்பதை யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒருவர் நேரே வந்து கேட்டே விட்டார்.

"இது என்ன சோலிண்ணே?"

"ஹாபி."

"அப்படின்னா?"

மாரீஸ்வரன் எப்படியெப்படியோ விளக்கினார். மண்ணுக்குள் கிடக்கிற பழைய சாமான்களைத் தேடுவது, கிடைத்தால் பார்த்துச் சந்தோஷப்படுவது, வேறொன்றும் இல்லை என்றார். அவர் சொல்லச் சொல்ல எதிரில் இருந்தவருடைய கண்ணில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் சலித்துப்போய், "சுகருக்கு டாக்டர் சொன்னாருப்பா" என்றார். "அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான" என்று அந்த ஆள் போய்விட்டார். அதற்குப் பிறகு எல்லோருக்கும் அதே பதில்தான். சுகருக்கு இப்படியும் ஒரு மெஷின் வந்துவிட்டது போல என்று ஊர் ஏற்றுக்கொண்டது. எங்கே கிடைக்கும், என்ன விலை என்றுகூட இரண்டு பேர் கேட்டார்கள்.

மெஷினைப் பழகுவது அவர் நினைத்த மாதிரி இல்லை. தட்டை மண்ணை ஒட்டியே ஆட்ட வேண்டும். வேகமாக ஆட்டினால் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடும். மெதுவாக ஆட்டினால் தோள் கழன்றுவிடும். அடியில் இருப்பது என்ன உலோகம் என்பதற்கு மெஷின் ஒரு நம்பர் காட்டும், அதற்கேற்ப ஒரு சத்தம் கொடுக்கும். ஆணிக்கு உறுமல், அலுமினியத்துக்கு முனகல், செம்புக்கும் வெள்ளிக்கும் மணி அடித்த மாதிரி ஒரு துல்லியம். எது எது எப்படிக் கத்தும் என்று காதுக்குப் பழகிக்கொள்ள, தெரிந்த சாமான்களை வீட்டுக் கொல்லையில் புதைத்து அதன்மேல் ஆட்டிப் பார்க்கச் சொல்லி வீடியோவில் இருந்தது. மாரீஸ்வரன் ஒரு ரூபாய்க் காசு, ஆணி, சோடா மூடி, உடைந்த சாவி என்று வரிசையாகப் புதைத்தார். செம்புக்கு என்ன செய்வது என்று தேடினார். போடியில் சல்லிசாகக் கிடைக்கிற செம்பு ஒன்றுதான். பூசைச் சாமான் கடையில் மந்திரத் தகடு எழுதுவதற்கென்று வெற்றுத் தகடு விற்பார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒன்று வாங்கி வந்து, வேப்பமரத்தடியில் ஒரு சாண் ஆழத்தில் வைத்து மூடினார்.

அருணா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "என்னங்க, அந்தத் தகட்ட மட்டும் வெளிய எடுங்க" என்றாள்.

"மெஷினுக்குத்தான்டி."

"பக்கத்து வீட்டு மாடியில நிக்கிறவுங்களுக்கு அது தெரியுமா? நம்ம வீட்டு மேல ஏற்கனவே இருக்குற பேரு பத்தாதா?"

இருக்கிற பேர் என்னவென்று மாரீஸ்வரனுக்குத் தெரியும். அவருக்கு ஓர் அண்ணன் உண்டு, பெரியகருப்பன். அப்பா போன பிறகு பாகம் பிரித்தபோது போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கிற ஏலத்தோட்டம் அண்ணனுக்கும், டவுன் கடையும் ராசிங்காபுரத்துக் கரடும் தம்பிக்கும் வந்தன. அதில் ஒரு சண்டையும் இல்லை. சண்டை வந்தது மாரீஸ்வரனுடைய மகள் நிலாவின் கல்யாணத்தில். முதல் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். பெரியப்பா என்ற முறையில் தன்னைக் கைப்பிடித்து அழைத்துப் போவார்கள் என்று பெரியகருப்பன் மண்டபத் தூணோரம் நின்றார். மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்கிற அவசரத்தில் மாரீஸ்வரன் அவரைத் தாண்டி மூன்று நான்கு தடவை ஓடினார். ஒரு தடவைகூட "வாங்கண்ணே" என்று சொல்லவில்லை. இரண்டாம் பந்திக்குத் தேடியபோது அண்ணனும் இல்லை, மதினியும் இல்லை, வெளியில் நின்ற ஜீப்பும் இல்லை.

மறுநாளே போய்க் காலில் விழுந்திருந்தால் முடிந்திருக்கும். மாரீஸ்வரன் போகவில்லை. சொந்தத் தம்பி வீட்டுக் கல்யாணத்தில் கூப்பிட்டுத்தான் சாப்பிட வேண்டுமா என்று அவருக்கும் ஒரு வீம்பு. அதற்குப் பிறகு அண்ணன் தோட்டத்தில் ஏலச்செடி அழுகத் தொடங்கியது. பெரியகருப்பன் போடி முழுக்கச் சொல்லிவிட்டார்: தம்பி வீட்டில் செய்வினை செய்து தோட்டத்தில் தகடு வைத்துவிட்டார்கள், அதனால்தான் இப்படி. அன்றிலிருந்து கடைக்கு வருகிற பழைய வாடிக்கையாளர்களில் சிலர் அருணா கையால் மோர் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். அப்போதுதான் டீ குடித்தோம் என்பார்கள்.

தகட்டை எடுத்துவிடலாம் என்றுதான் மாரீஸ்வரனும் நினைத்தார். ஆனால் அதன் சத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது. நம்பர் எண்பத்து நான்கு. காசு மாதிரி ஓர் இடத்தில் மட்டும் கத்தாமல், தட்டு அகலத்துக்கும் இழுத்துக் கத்தும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது தகடு என்று சொல்லிவிடலாம். நன்றாகக் காதில் ஏறும் வரை வைத்திருந்துவிட்டு ஒரு நாள் எடுத்தார். அதற்குள் பக்கத்து மாடி அதைப் பார்த்திருந்தது.

முதல் மாதத்தில் அவருக்குக் கிடைத்தவை: சோடா மூடிகள், லாடம், தண்ணீர்க் குழாயின் மூக்கு, யாருடைய பல்லிலிருந்தோ விழுந்த ஒரு கம்பி, அரிவாள் பிடியில் போடுகிற பூண், பாதித் தேய்ந்த காலணாக்கள் இரண்டு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாகப் படித்திருந்தார். கலெக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டிய நிலைமை வரவில்லை. ஆனால் சர்க்கரை இறங்கியிருந்தது.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர் பால்ராஜ் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து, சாக்கு எதுவும் வாங்காமல் நின்றான். அவன் அண்ணனுடைய தோட்டத்துக்கும் ஓட்டுகிறவன்.

"ஒங்க அண்ணன் ஒரு சேதி சொல்லிவிட்டாரு. சொல்லட்டுமா, வேண்டாமா?"

"சொல்லு."

"மண்ணுக்கடியில இருக்குறதக் காட்டுற மெஷின் வச்சிருக்கீங்களாம்ல. அதக் கொண்டுவந்து தோட்டத்த ஒரு சுத்துச் சுத்திப் பாக்கணுமாம். தகடு கிகடு ஒண்ணும் இல்லைன்னா, நான் சொன்னது தப்புத்தான்னு போடியில நாலு பேரு முன்னாடி ஒத்துக்கிறேன்னாரு. பழைய மாதிரி வரலாம் போகலாம்னாரு."

"இருந்தா?"

"அதச் சொல்லல. ஒங்க மதினி தோட்டத்துக் கேட்டுப் பக்கத்துல வழுக்கி விழுந்து கை முறிஞ்சு கெடக்கு. அதுலருந்து மனுசன் ஒரு மாதிரியாத்தான் இருக்காரு."

மாரீஸ்வரன் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. தோட்டத்தில் தகடு இல்லை என்பது அவருக்கு நிச்சயம். வைக்காத தகடு எப்படி இருக்கும்? இத்தனை வருடமாக, வைக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது என்றுதான் தெரியவில்லை. இப்போது அதற்கென்றே ஒரு மெஷின் செய்து, பார்சலில் அனுப்பி வைத்திருக்கிறார்கள். அண்ணன் வேண்டும் என்று அவருக்கு இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, அருணாவிடம்கூட. ஆனால் வீட்டில் எந்த நல்ல காரியம் பேசினாலும், இதை அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்து நிற்கும்.

"போங்க" என்றாள் அருணா. "எம்பேரயும் சேத்துக் கழுவிட்டு வாங்க. ஆனா அங்க பச்சத்தண்ணி குடிக்காதீங்க."

மறுநாள் காலை பால்ராஜின் ஜீப்பில் காய் எடுக்கப் போகிற பெண்களோடு ஏறினார். மெஷினை மடியில் வைத்துக்கொண்டார். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக வண்டி ஏறும்போதும் மெஷினின் தட்டு அடுத்த சீட்டுப் பெண்ணின் தூக்குவாளியில் போய் இடித்தது. போடிமெட்டு செக்போஸ்ட்டில், கேரளாக்காரப் போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

"இதெந்தா?"

"புல்லு வெட்டுற மெஷின், சாரே" என்றான் பால்ராஜ்.

போலீஸ்காரர் தலையாட்டினார். வண்டி போனது. மாரீஸ்வரனுக்கு மனசு கொஞ்சம் நொந்தது. ஆனால் அது விளக்குகிற நேரமில்லை.

தோட்டத்துக் கேட்டில் பெரியகருப்பன் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். தம்பியை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தம்பி கேட்டைத் திறந்து உள்ளே வைக்கிற காலைத்தான் பார்த்தார்.

"வா" என்றார். இத்தனை வருடத்தில் அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.  மாரீஸ்வரன் குனிந்து மெஷினின் திருகை முடுக்கினார்.

வீட்டு நடையில் மதினி அமுதவள்ளி கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். "நல்லாருக்கீகளா தம்பி, தண்ணி குடிக்கிறீகளா?" என்றாள். அருணா சொன்னது ஞாபகம் வந்தது. முறிந்த கையோடு ஒற்றைக் கையால் நீட்டிய செம்பை வாங்காமல் இருக்க அவரால் முடியவில்லை. முழுவதும் குடித்தார்.

"வெரசா ஆரம்பி" என்றார் பெரியகருப்பன்.

மாரீஸ்வரன் ஹெட்போனை மாட்டினார். அதை மாட்டிவிட்டால் மெஷின் கத்துவது அவர் காதுக்கு மட்டும்தான். வீட்டுப் பின்புறமிருந்து தொடங்கி, காய் உலர்த்துகிற ஸ்டோரைச் சுற்றி, ஏலச்செடித் தூர்களுக்கு நடுவே சரிவில் இறங்கினார். தோட்டம் தோட்டமாக இல்லை. காய்ந்த தழையை யாரும் வருடக்கணக்காகக் கழிக்கவில்லை. தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் அடைத்துக்கொண்டு தூரெல்லாம் ஊறிக் கிடந்தது. செடி அழுகாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டார். மெஷின் ஓர் ஆணியை உறுமியது, ஒரு பூச்சிமருந்து டப்பா மூடியை முனகியது. ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்து அண்ணனிடம் காட்டினார். பெரியகருப்பன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

கடைசியாகக் கேட்டுக்கு வந்தார்கள். கேட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில், உள்பக்கம் இரண்டு எட்டு வைத்த இடத்தில், ஹெட்போனில் மணி அடித்தது.

இழுத்து, அகலமாக, சுத்தமாக அடித்தது. நம்பரைப் பார்த்தார். எண்பத்து நான்கு.

 மாரீஸ்வரனின் கை பழக்கத்தில் ஆட்டிக்கொண்டே இருந்தது. குறுக்கே ஆட்டினார், நெடுக்கே ஆட்டினார். எப்படி ஆட்டினாலும் தகடுதான். யார் வைத்தது, எதற்கு வைத்தது என்றெல்லாம் அவருக்கு ஓடவில்லை. ஓடியது ஒன்றுதான். இதைத் தோண்டினால் முடிந்தது. அண்ணனுக்குச் சாட்சி கிடைத்துவிடும். கொல்லையில் தகடு புதைத்ததைப் பக்கத்து மாடி பார்த்திருக்கிறது. வைத்தவனே வந்து எடுத்தான் என்று ஊர் சொல்லும். அருணா சாகும்வரை அவள் கை மோரை யாரும் வாங்கமாட்டார்கள். அண்ணன் இனி எந்த ஜென்மத்திலும் "வா" என்று சொல்லமாட்டார்.

மெஷினைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார். வேலி ஓரம்வரை போய்த் திரும்பி, ஹெட்போனைக் கழற்றினார்.

"ஒண்ணும் இல்லண்ணே."

பெரியகருப்பனின் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. கடையில் எடை குறைந்துவிட்டதாகச் சந்தேகப்படுகிற வியாபாரி மாதிரி அவர் நின்றார்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"கேட்டுப் பக்கம்?"

"பாத்தேண்ணே."

"இன்னொரு தடவ பாரு."

மாரீஸ்வரன் மறுபடி ஹெட்போனை மாட்டினார். கேட்டுக்குப் போனார். மெஷின் மணி அடித்தது. திரும்பி வந்தார்.

"ஒண்ணும் இல்ல."

"நீ ரொம்ப வேகமா ஆட்டுற."

"இதுதாண்ணே மொற. மெதுவாத்தான் ஆட்டுறேன்."

"மண்ண ஒட்டி வச்சு ஆட்டு. பாதைக்கு நடுவுல பாரு. வலது கைப்பக்கம்."

போனார். பாதைக்கு நடுவில், வலது கைப்பக்கம், மெஷின் காது கிழியக் கத்தியது. முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்தார். நெற்றி வேர்வையைத் துடைத்தார். இப்படி நான்கைந்து தடவை போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் அண்ணன் இடத்தை இன்னும் கொஞ்சம் நெருக்கிச் சொன்னார். அந்த மைல்கல் மாதிரிக் கல்லுக்கு இந்தப் பக்கம் என்றார். கல்லுக்கு ஒரு முழம் தள்ளி என்றார். மாரீஸ்வரன் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்திலேயே போய் நின்று, மிதித்து, ஆட்டி, ஒன்றும் இல்லை என்று வந்தார். இவ்வளவு நேராகப் பொய் சொல்ல முடியும் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றார் பெரியகருப்பன்.

"நல்லாத்தான் இருக்கு."

"கெட்டுப்போச்சுடா. என்னத்த வாங்கிவச்சிருக்க?" கைத்தடியால் அந்த இடத்தைக் காட்டினார். "அங்கதான் இருக்கு. வச்ச எனக்குத் தெரியாதா?"

 பெரியகருப்பன் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

கல்யாணம் முடிந்த அதே வாரம், கோபம் ஆறுவதற்கு முன்னால், கம்பம் பக்கத்து மந்திரவாதி ஒருவரிடம் போயிருக்கிறார். தம்பி பேரில் தகடு எழுதி வாங்கினார். எதிரியின் கால் தாண்டுகிற இடத்தில் வைக்க வேண்டும் என்று மந்திரவாதி சொல்லியிருக்கிறார். தம்பி டவுனில் இருக்கிறான், அவன் வாசலில் போய்த் தோண்ட முடியாது. எப்படியும் மன்னிப்புக் கேட்கத் தோட்டத்துக்கு வருவான், கேட்டைத் தாண்டித்தான் வருவான் என்று கேட்டடியிலேயே வைத்துவிட்டார்.

"நீ வரவே இல்லையேடா" என்றார் பெரியகருப்பன். "வருவ வருவன்னு பாத்தேன். ஒரு நாளும் வரல. நாந்தான் தெனமும் மிதிச்சேன். ஒம் மதினி மிதிச்சா. செடி போச்சு, எங்காலு போச்சு. இப்ப அவ கையும் போச்சு. எடுத்துரலாம்னா, வச்சவன் தொடக்கூடாதுன்னு அந்த மந்திரவாதி சொன்னான். எவன் பேருல வச்சதோ அவன் கையாலதான் எடுக்கணுமாம். மந்திரவாதியத் தேடிப் போனா அந்த வீட்டுல வேற ஆளு குடியிருக்கான். போனு போக மாட்டேங்குது."

"அப்ப ஊரெல்லாம் நாங்க வச்சோம்னு சொன்னது?"

"வேற என்ன சொல்றது?"

மாரீஸ்வரனுக்குக் கோபம் வந்தது. சரியான கோபம். வாங்கப்படாமல் திரும்பிய மோர் டம்ளர்கள் ஒவ்வொன்றும் கண்முன் வந்தன. கையில் இருந்த மெஷினைக் கீழே போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப்போயிருப்பார். ஆனால் பால்ராஜ் சாயங்காலம்தான் வருவான்.

"நான் இன்னிக்கு இதத் தோண்டி எடுத்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

பெரியகருப்பன் யோசித்தார். "ஒன்னயத் திட்டிருப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் விட்டிருப்பேன். சாப்பிட வான்னு கூப்பிட்டிருப்பேன்."

மாரீஸ்வரன் இடுப்பிலிருந்த சின்ன மண்வெட்டியை எடுத்து, உட்கார்ந்து, தோண்டினார். ஒரு சாண் கூட இல்லை. பச்சை பூத்துப்போன தகடு, அதைச் சுற்றிக் கட்டிய கறுப்புக் கயிறு மக்கிப்போய் ஒட்டியிருந்தது. கயிற்றைப் பிய்த்துப்போட்டு மண்ணைத் துடைத்தார். கட்டம் கட்டமாக ஏதேதோ கீறியிருந்தது. நடுவில் அவர் பெயர். அதற்குக் கீழே அவருடைய நட்சத்திரம், ராசி, பிறந்த கிழமை.

எல்லாம் சரியாக இருந்தன. அருணா இன்றைக்கும் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது, அனுசமா அவிட்டமா என்று அவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் ஐயரிடம் சொல்வாள். அம்மா போன பிறகு அவருடைய நட்சத்திரத்தைக் கேட்காமல் சொல்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அழிந்து போக வேண்டும் என்று எழுதக் கொடுக்கும்போதும் அவர் தப்பில்லாமல் சொல்லியிருக்கிறார். மாரீஸ்வரனுக்கு அழுகை வந்தது. கோபமும் அப்படியே இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சா?" என்றார் பெரியகருப்பன். கிட்டே வரவில்லை.

"இருந்துச்சு. மொதத் தடவையே கத்துச்சு."

"கத்துச்சா? பெறகு ஏன்டா இல்லன்னு சொன்ன?"

"இல்லைன்னா பழைய மாதிரி வரலாம் போகலாம்னு சொல்லிவிட்டீங்கள்ல."

 பெரியகருப்பனுக்கு அப்போதுதான் வேறொன்று உறைத்தது. கைத்தடி கீழே விழுந்தது. அந்த முழங்காலோடு எப்படி எழுந்தார் என்று தெரியவில்லை. வந்து தம்பியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இம்புட்டுத் தடவ ஒன்னய அதும்மேல நடக்கவிட்டேனேடா. எத்தன தடவ மிதிச்ச? காலு எரியுதா? தல கிறுகிறுங்குதா? சொல்லுடா, ஒனக்கு ஏதாச்சும் செய்யுதா?"

 இத்தனை வருடமாகப் பலிக்க வேண்டும் என்று காத்திருந்தவர், பலித்துவிடக் கூடாதே என்று நடுங்கினார். இது பூசைக் கடையில் விற்கிற செம்புதான் அண்ணே, தழை கழித்து வாய்க்காலை வெட்டிவிட்டால் செடி பிழைக்கும் என்று சொல்ல மாரீஸ்வரனுக்கு வாய்வரை வந்தது. அதைச் சொன்னால், இத்தனை வருடமும் ஒன்றுமில்லாததற்காகத்தான் போனது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அதைத் தாங்குகிற முகமாக அது இல்லை.

"செஞ்சுச்சுண்ணே" என்றார்.

"என்னடா செஞ்சுச்சு?"

"வச்ச நாள்லருந்து நான் இங்க வரவே இல்லையே."

 பெரியகருப்பன் தம்பியின் கையை விடவில்லை.